ஆண்ட்ராய்டு இல்லாத போனில் ஆண்ட்ராய்டு ஆப்

போன மாசம் ஒரு பழைய பிக்சல் 3ஏ போனிலிருந்த ஆண்ட்ராய்டை அழித்துவிட்டு உபுண்டு டச் போட்டேன். பெரிய புரட்சி எல்லாம் இல்லை. அந்த மாடலுக்கு அப்டேட் கொடுப்பதை 2022-லேயே கூகுள் நிறுத்திவிட்டது. போன் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது, கேமராவும் நல்ல கேமரா. தூக்கிப்போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

உபுண்டு டச் என்பது லினக்ஸ் கர்னலின் மேல் எழுந்த தனி இயங்குதளம். கெனானிக்கல் நிறுவனம் 2017-ல் கைவிட்ட பிறகு யூபிபோர்ட்ஸ் என்கிற தன்னார்வலர் குழு அதை எடுத்து நடத்துகிறது. வேகமும் அழகும் உண்டு. ஆனால் அதற்கென்றே எழுதிய ஆப்கள் கொஞ்சம்தான். அதனால் அதற்குள்ளே வேட்ராய்டு என்ற மென்பொருளைப் போட்டு, அதில் ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டலாம் என்று திட்டம். ஓடின. நாளிதழ் ஆப், அகராதி, ஒரு சதுரங்க விளையாட்டு எல்லாம் எந்த வம்பும் இல்லாமல் ஓடின. வாட்ஸ்அப் பதிவு செய்யும்போது வந்த குறுஞ்செய்தி எண்ணைக் கையால் தட்டவேண்டி இருந்தது. பிறகு அதுவும் ஓடியது. ஓடாதது இரண்டே இரண்டு: என் வங்கியின் ஆப், அதோடு யுபிஐ ஆப்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா பையன், "அண்ணா, என் பழைய போனுக்கும் இதைப் போட்டுத் தர்றியா? சும்மாதான் கிடக்கு" என்றான். அவன் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்க்கிறான். வேலையே ஒரு ஆப் வழியாகத்தான் வருகிறது. உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை. எது ஓடும், எது ஓடாது, ஏன் என்று எனக்கே முதலில் தெளிவாக வேண்டியிருந்தது. அந்தத் தேடலில் எழுதி வைத்ததுதான் இது.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துவிடலாம். இதை நிறைய பேர் எமுலேட்டர் என்பார்கள். எமுலேட்டர் என்றால் ஒரு வகைச் சிப் இன்னொரு வகைச் சிப்பைப் போல நடிப்பது. பழைய கேம் கன்சோல் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டுகிறோமே, அது எமுலேட்டர். ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்துக்கொண்டே போகவேண்டும், அதனால் மெதுவாகத்தான் ஓடும். போன்களுக்குள்ளே இந்தத் தொல்லை இல்லை. ஐபோனோ, பழைய பிளாக்பெர்ரியோ, உபுண்டு டச் போட்ட போனோ, ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏஆர்எம் குடும்பத்துச் சிப்தான். ஆண்ட்ராய்டு ஆப்புக்குள் இருக்கும் கட்டளைகளைச் சிப் அப்படியே புரிந்துகொள்ளும்.

அப்புறம் என்னதான் சிக்கல்? ஒரு ஏபிகே கோப்பை எடுத்து, பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே படங்கள், எழுத்துகள், இந்த ஆப்புக்கு என்னென்ன அனுமதி வேண்டும் என்று சொல்லும் மேனிஃபெஸ்ட், டெக்ஸ் என்ற வடிவத்தில் நிரல், சில ஆப்களில் சிப்புக்காக நேரடியாகத் தயாரித்த லைப்ரரிகள். பார்க்கப்போனால் இவ்வளவுதான் ஆப். திரையில் கோடு போடவோ, கேமராவைத் திறக்கவோ, இன்டர்நெட்டைத் தொடவோ அதற்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் அது ஆண்ட்ராய்டிடம் கேட்கும். 'ஒரு ஜன்னல் திற', 'இந்தப் பட்டனை யாராவது தொட்டால் எனக்குச் சொல்', 'இப்போது எங்கே இருக்கிறேன்?' என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். டெக்ஸ் நிரலை ஓட்டுவதற்கு ஆரம்பத்தில் டால்விக் என்ற மெய்நிகர் இயந்திரம் இருந்தது (ஐஸ்லாந்தில் ஒரு மீன்பிடி ஊரின் பெயர் அது). 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5-லிருந்து அந்த இடத்தில் ஏஆர்டி உட்கார்ந்துவிட்டது.

ஆகவே போட்டி இயங்குதளம் செய்யவேண்டியது, அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு ஆளை வைப்பது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பதில் சொல்லும் பகுதியை நம் இயங்குதளத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதுவது. இன்னொன்று, ஆண்ட்ராய்டையே முழுசாகக் கொண்டுவந்து பக்கத்துப் போர்ஷனில் குடிவைப்பது. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் திறந்த மூலமாக இருப்பதால் இரண்டுக்குமே யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

வேட்ராய்டு இரண்டாவது வகை. ஒரே வீட்டில் இரண்டு போர்ஷன் இருக்கும், மோட்டாரும் தண்ணீர்த் தொட்டியும் பொதுவாக இருக்கும் அல்லவா, அதைப்போல. பொதுவான மோட்டார் இங்கே லினக்ஸ் கர்னல். உபுண்டு டச்சும் லினக்ஸ், ஆண்ட்ராய்டும் லினக்ஸ். எனவே ஒரே கர்னலின் மேல், கன்டெய்னர் என்ற தடுப்புச் சுவருக்குப் பின்னால், லினியேஜ் ஓஎஸ் என்ற ஆண்ட்ராய்டு வகை முழுசாகக் குடியிருக்கிறது. ஆப் கேட்கும் கேள்விக்கு நிஜ ஆண்ட்ராய்டே பதில் சொல்கிறது. அது வரையும் திரை மட்டும் சுவரைத் தாண்டி உபுண்டு டச்சின் ஜன்னலாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. வேகம் குறையாததற்குக் காரணம் இதுதான், இடையில் மொழிபெயர்ப்பே கிடையாது.

முதல் வழியை மெனக்கெட்டுச் செய்தவர்கள் பிளாக்பெர்ரிக்காரர்கள். 2010-ல் அந்த நிறுவனம் கியூஎன்எக்ஸ் என்ற இயங்குதளத்தை வாங்கியது. அது லினக்ஸே கிடையாது, முற்றிலும் வேறு ஜாதி. அதன் மேல் ஆண்ட்ராய்டின் ஓட்டும் பகுதியைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். 2012 பிப்ரவரியில் பிளேபுக் டேப்லெட்டில் முதலில் வந்தது. பிறகு 2013 ஜனவரியில் பிளாக்பெர்ரி 10 வந்தபோது அதிலும் இருந்தது. ஆரம்பத்தில் ஆப் எழுதியவரே தன் ஏபிகேயை பார் என்ற வேறு பொட்டலமாகக் கட்டி அனுப்பவேண்டும். அதற்குப் பணமும் கொடுத்தார்கள். ஏற்கப்பட்ட ஆப் ஒன்றுக்கு 100 டாலர். அறிமுகத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரே வார இறுதியில் 15,000 ஆப்கள் வந்து குவிந்தன. 2014-ல் வந்த 10.2.1 பதிப்பில் அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். எந்த ஏபிகேயையும் நாமே நேரடியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆனது.

நான் அப்போது ஸீ10 வைத்திருந்தேன், விலை நன்றாகச் சரிந்த பிறகு வாங்கியது. 10.2.1 வந்த அன்று ராத்திரி நான் பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. பிளாக்பெர்ரிக்கென்று வராமலேயே போன இன்ஸ்டாகிராமை ஏபிகேயாகப் போட்டு ஓட்டிவிட்டேன்! திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், ஓரத்தில் விரலை இழுத்தால் பிளாக்பெர்ரி மாதிரி நடந்துகொள்ளாது, ஆனாலும் ஓடியது. அடுத்த சில மாதங்களில் என் போனில் புதிதாகப் போட்டவை எல்லாமே ஏபிகேதான் என்று கவனித்தேன். பிளாக்பெர்ரியின் சொந்தக் கடையைத் திறந்தே நாளாகிவிட்டது.

ஆப் எழுதும் நிறுவனத்தின் இடத்திலிருந்து யோசித்தால் இதன் விளைவு புரியும். ஆண்ட்ராய்டுக்கு எழுதியதே அங்கேயும் ஓடும் என்றால் தனியாக ஆள் வைத்து பிளாக்பெர்ரிக்கு எழுத யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? வாங்குபவருக்கும் அதே கதைதான். எல்லாம் ஆண்ட்ராய்டு ஆப் என்றால் ஆண்ட்ராய்டு போனையே வாங்கிவிடலாமே. பிளாக்பெர்ரி நிறுவனமே 2015 நவம்பரில் பிரிவ் என்ற ஆண்ட்ராய்டு போனை விற்க ஆரம்பித்தது. ஆண்ட்ராய்டு ஆப்பை ஓட்டியதால்தான் பிளாக்பெர்ரி விழுந்தது என்று நான் சொல்லவரவில்லை. விழ வேறு காரணங்கள் போதுமான அளவு இருந்தன. ஆனால் அந்த வசதி அதைத் தூக்கி நிறுத்தவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கம்ப்யூட்டர் உலகில் இது முன்பே நடந்ததுதான். 1992-ல் ஐபிஎம் வெளியிட்ட ஓஎஸ்/2-வின் இரண்டாம் பதிப்பு விண்டோஸ் நிரல்களை நன்றாகவே ஓட்டியது. விண்டோஸைவிட நல்ல விண்டோஸ் என்று விளம்பரமே செய்தார்கள். நிரல் எழுதுபவர்கள் அதைக் கேட்டுவிட்டு விண்டோஸுக்கு மட்டும் எழுதினார்கள்.

மைக்ரோசாஃப்டுக்கு இந்தக் கதை தெரியாமல் இருந்திருக்காது. ஆனாலும் 2015 ஏப்ரலில், தன் போன்களுக்கு ஆப் இல்லாத கஷ்டத்தில், அஸ்டோரியா என்ற திட்டத்தை அறிவித்தது. ஆண்ட்ராய்டு ஆப் அப்படியே விண்டோஸ் 10 போனில் ஓடும். கூடவே ஐலண்ட்வுட் என்று இன்னொன்று, ஐபோன் ஆப்பின் மூல நிரலைக் கொடுத்தால் விண்டோஸ் ஆப்பாகக் கட்டித்தரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். அஸ்டோரியாவில் ஆப் எழுதியவர் பெரிதாக எதுவும் செய்யவேண்டியதில்லை. ஐலண்ட்வுட்டில் அவர் உட்கார்ந்து வேலை பார்க்கவேண்டும், ஆனால் வெளியே வருவது விண்டோஸ் ஆப். 2016 பிப்ரவரியில் அஸ்டோரியாவை மூடிவிட்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. இரண்டு பாலம் எதற்கு, குழப்பம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அஸ்டோரியாவுக்காகச் செய்த அடிப்படை வேலை வீணாகவில்லை. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் அதிலிருந்து கிளைத்ததுதான். பிற்பாடு விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் மறுபடி ஆண்ட்ராய்டைக் கொண்டுவந்தார்கள். அதையும் 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு உதாரணம் நம் ஊரிலேயே உண்டு. 2017-ல் வந்த ஜியோபோனில் கையோஎஸ். அது ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸின் வழிவந்தது, ஆண்ட்ராய்டு ஆப் ஓடாது. ஆனால் அந்தப் போன் கோடிக்கணக்கில் விற்றது. 2018 செப்டம்பரில் வாட்ஸ்அப்காரர்களே அதற்கென்று தனி ஆப் எழுதிக் கொடுத்தார்கள். கூட்டம் இருந்தால் கடை தானாக வரும்.

சரி, ஐபோன் ஆப்பை மற்ற போன்களில் ஓட்ட முடியாதா என்று கேட்பீர்கள். 2014-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சைடர் என்ற பெயரில் ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஐஓஎஸ் ஆப்களை ஓட்டிக் காட்டினார்கள். அருமையான வேலை. ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்டது. ஆண்ட்ராய்டைப் போல ஐஓஎஸ்ஸின் மேல்தளம் திறந்த மூலம் இல்லை, ஆப் ஸ்டோரிலிருந்து இறங்கும் ஆப்கள் பூட்டிய நிலையில்தான் வரும். எனவே நடைமுறையில் இந்தப் பேச்செல்லாம் ஆண்ட்ராய்டு ஆப்பைப் பற்றியதுதான்.

ஆனால் ஆண்ட்ராய்டும் நாம் நினைக்கிற அளவுக்குத் திறந்த வீடு இல்லை. அங்கேதான் என் வங்கி ஆப்பின் கதை ஆரம்பிக்கிறது.

2012-லிருந்து கூகுள் பிளே சர்வீசஸ் என்ற ஒன்று ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிறது. இது திறந்த மூலம் கிடையாது. வரைபடம், இருப்பிடம், கூகுள் கணக்கில் நுழைவது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இதற்குள் போய்விட்டன. முக்கியமாக நோட்டிபிகேஷன். ஒவ்வொரு ஆப்பும் தன் சர்வரோடு தனித்தனியாகத் தொடர்பு வைத்துக்கொண்டிருந்தால் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அதனால் போன் கூகுளோடு ஒரே ஒரு தொடர்பு வைத்திருக்கும். ஆப் நிறுவனத்தின் சர்வர் செய்தியைக் கூகுளிடம் கொடுக்கும், கூகுள் அதை நம் போனுக்குத் தள்ளும். பிளே சர்வீசஸ் இல்லாத போனில் ஆப் ஓடும், ஆனால் அதைத் திறக்கும்வரை செய்தி வந்தது தெரியாமல் போகலாம். ஸீ10-ல் நான் பட்ட அவஸ்தையில் பாதி இதுதான் என்று இப்போது புரிகிறது.

இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கலாம். மைக்ரோஜி என்ற திறந்த மூலத் திட்டம் பிளே சர்வீசஸ் கேட்கும் கேள்விகளுக்குத் தானே பதில் சொல்ல முயல்கிறது. அல்லது வேட்ராய்டிலேயே கூகுள் பகுதிகளோடு கூடிய வடிவத்தைப் போட்டு, அந்தச் சாதனத்தின் எண்ணைக் கூகுளிடம் பதிவு செய்துகொள்ளலாம். நான் செய்தது அதுதான். பிளே ஸ்டோரே திறந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் வங்கி ஆப் திறந்ததும் மூடிக்கொண்டது. 'இந்தச் சாதனம் பாதுகாப்பானது அல்ல' என்று ஒரு வரி. யுபிஐ ஆப் கொஞ்சம் தூரம் வந்து, சிம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நின்றுவிட்டது.

யுபிஐ ஆப்பின் காரணம் எளிது. பதிவு செய்யும்போது அந்த ஆப் நம் போனிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பும். அது எந்த எண்ணிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான், இந்த எண்ணுள்ள சிம் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று முடிவுசெய்வார்கள். நல்ல ஏற்பாடுதான். யாராவது நம் எண்ணைச் சொல்லி வேறு போனில் கணக்கைத் திறந்துவிடக் கூடாதல்லவா? ஆனால் வேட்ராய்டின் ஆண்ட்ராய்டுக்கு சிம்மே கிடையாது. சிம் வீட்டுக்காரர் போர்ஷனில் இருக்கிறது. குடியிருப்பவர் தபால் போட முடியாது. வாட்ஸ்அப்பில் வந்த எண்ணைக் கையால் தட்டி ஏமாற்றியதைப்போல இங்கே முடியாது, செய்தி வெளியே போகவேண்டும்.

வங்கி ஆப்பின் காரணம் இன்னும் ஆழமானது. பிளே இன்டெக்ரிட்டி என்று கூகுள் ஒரு சேவை தருகிறது. இதற்கு முன் சேஃப்டிநெட் என்ற பெயரில் இருந்தது. ஆப் 'நான் எப்படிப்பட்ட போனில் இருக்கிறேன்?' என்று பிளே சர்வீசஸிடம் கேட்கும். அது கூகுள் கையெழுத்திட்ட ஒரு சான்றைத் தரும். ஆப் அதை வங்கியின் சர்வருக்கு அனுப்பும். சான்றைப் படித்து முடிவு எடுப்பது சர்வர், எனவே நம் போனில் என்ன தில்லுமுல்லு செய்தாலும் அங்கே செல்லாது. போலிச் சான்று செய்ய முடியாதா என்றால், கடுமையான சோதனையில் சிப்பின் உள்ளே தனியாகப் பூட்டி வைத்திருக்கும் ஒரு சாவியால் கையெழுத்துப் போடவேண்டும். அந்தச் சாவி சொல்லும் தகவலில் போனின் பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதும் சேர்ந்தே வரும். உபுண்டு டச் போடுவதற்கு நான் செய்த முதல் வேலையே பூட்லோடரைத் திறந்ததுதான்.

இங்கே ஆப் கேட்ட கேள்வி மாறிவிட்டதைப் பாருங்கள். ஜன்னல் திற, கேமரா திற என்பவை வேலை சம்பந்தப்பட்ட கேள்விகள். யார் செய்துகொடுத்தாலும் போதும். ஆண்ட்ராய்டு வழியாகவே ஜாவாவின் ஏபிஐயைக் கூகுள் எடுத்தாண்டதைப் பற்றி ஆரக்கிள் தொடர்ந்த வழக்கில், 2021-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் அது நியாயமான பயன்பாடு என்றுதான் சொன்னது. ஆனால் 'நீ கூகுள் ஒப்புக்கொண்ட போனா?' என்பது அடையாளம் பற்றிய கேள்வி. அதற்கு வேலை தெரிந்த இன்னொருவர் பதில் சொல்ல முடியாது. எத்தனை திறமையாக நிரல் எழுதினாலும் அந்தக் கதவு திறக்காது.

வங்கிமேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் முழுக் கோபம் இல்லை. மோசடி தினமும் நடக்கிறது, பணம் போனால் வாடிக்கையாளர் வந்து நிற்பது வங்கி வாசலில்தான். எனக்கு உறுத்துவது வேறு. இதே பிக்சல் 3ஏ, 2022-க்குப் பிறகு ஒரு பாதுகாப்பு அப்டேட்டும் இல்லாத அதன் பழைய ஆண்ட்ராய்டோடு, பூட்லோடர் பூட்டிய நிலையில் இருந்திருந்தால் இந்தச் சோதனையில் தேறியிருக்கும். (நியாயமாகச் சொன்னால் உபுண்டு டச்சிலும் கர்னல் அந்தப் பழைய கர்னல்தான். கர்னலுக்கு மேலே உள்ளவைதான் புதுப்பிக்கப்படுகின்றன.) சோதனை பார்ப்பது போன் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதைவிட, கடையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்பதைத்தான்.

இந்தப் பூட்டைச் சுற்றிக்கொண்டு போன ஒரே பெரிய ஆள் ஹுவாவே. 2019 மே மாதம் அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்த பிறகு அதன் புதிய போன்களுக்குக் கூகுள் சேவைகள் கிடைக்கவில்லை. முதலில் திறந்த மூல ஆண்ட்ராய்டை வைத்துச் சமாளித்தது. 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டு நிரலே இல்லாத ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்ட் வந்தது. ஏபிகே நேரடியாக ஓடாது, ஆப் நிறுவனங்கள் புதிதாக எழுதவேண்டும். சீனாவில் கூகுள் பிளே முன்பே இல்லை, அங்கே ஹுவாவேக்குக் கூட்டமும் இருக்கிறது. சீன வங்கிகள் எழுதிக் கொடுக்கின்றன. உபுண்டு டச்சுக்காக எந்த வங்கி எழுதப்போகிறது?

சித்தப்பா பையனுக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். அவன் வேலை ஆப் நாள் முழுக்க இருப்பிடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஆர்டர் வருவது நோட்டிபிகேஷனில், பணம் வாங்குவது யுபிஐயில். மூன்றும் சுவருக்கு அந்தப் பக்கம். "உன் போனுக்கு வேண்டாம்டா, பாட்டு கேக்க, படிக்கன்னா போட்டுத் தரேன்" என்றேன். "அதுக்கு இப்ப இருக்கிறதே போதும்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

என் சிம் பழையபடி ஆண்ட்ராய்டு போனுக்கே போய்விட்டது. பிக்சல் வீட்டு வைஃபையில் இருக்கிறது. சாயங்காலம் டீக்கடைக்குப் போகும்போது மட்டும் அதைத்தான் எடுத்துப்போகிறேன், சட்டைப்பையில் சில்லறையோடு.